ஆழமா, ஆணியா? மெட்டல் டிடெக்டரில் பழைய காசு ஏன் சிக்குவதில்லை

ஒரு வாசகரின் கேள்வி (மார்ச் 4)

டிடெக்டர் வாங்கிக் கொஞ்ச நாள் ஆகிறது. கிடைப்பதெல்லாம் ஆணி, சோடா மூடி, கேன் வளையம், இந்தக் காலத்துச் சில்லறை. பழைய காசு ஒன்றுகூட இல்லை. பழசெல்லாம் ஆழத்தில் இருக்கும், என் மெஷின் அவ்வளவு ஆழம் பார்க்காது என்று நினைக்கிறேன். பெரிய காயில் (தரைமேல் வீசுகிற வட்டத் தலை) மாட்டினால் போதுமா, இல்லை விலை கூடிய மெஷினுக்கே மாறிவிடலாமா?

மார்ச் 4, இரவு

மாற வேண்டாம். பெரிய காயிலும் வேண்டாம், இப்போதைக்கு. ஆணியும் சோடா மூடியும் கிடைக்கிறது என்றால் மெஷின் ஒழுங்காக வேலை செய்கிறது. "பழசு ஆழத்தில்தான் இருக்கும்" என்பது இதில் இறங்குகிற எல்லோருக்கும் முதலில் தோன்றுகிற எண்ணம். டிடெக்டர் விற்கிறவர்களும் அதை நம்பித்தான் பிழைக்கிறார்கள். நான் எடுத்த பழைய காசுகளில் பெரும்பாலானவை ஒரு சாணுக்குள் கிடந்தவை, நிறைய காசுகள் நான்கு விரல் ஆழம்கூட இல்லை. அவற்றுக்கு மேலே எனக்கு முன்னால் யார் யாரோ காயிலை வீசிவிட்டுப் போயிருக்கிறார்கள், அவர்கள் மூடாமல் விட்ட குழிகளே சாட்சி. காசு அங்கேயேதான் இருந்தது. பக்கத்தில் ஓர் ஆணி கிடந்ததால் யார் காதிலும் விழவில்லை.

என் கட்சி இதுதான்: உங்களுக்குப் பழைய காசு சிக்காததற்குக் காரணம் ஆழம் அல்ல, இரும்பு. விவரம் நாளைக்கு. தூக்கம் வருகிறது.

மார்ச் 5

சரி, விவரம். காயிலுக்குள் இரண்டு கம்பிச் சுருள்கள் இருக்கின்றன. ஒன்று இடைவிடாமல் திசை மாறும் காந்தப்புலத்தை மண்ணுக்குள் அனுப்புகிறது. கீழே உலோகம் இருந்தால் அதற்குள் சுழல் மின்னோட்டம் கிளம்பும், அந்த மின்னோட்டம் தன் பங்குக்கு ஒரு சின்னக் காந்தப்புலத்தை உண்டாக்கும், அதை இரண்டாவது சுருள் பிடிக்கிறது. அவ்வளவுதான் மெஷின். வில்லங்கம் எங்கே என்றால், போகும்போதும் புலம் மெலிகிறது, திரும்பும்போதும் மெலிகிறது. போகையில் தூரத்தின் மூன்றாம் அடுக்குப்படி, வருகையில் இன்னொரு மூன்றாம் அடுக்குப்படி, மொத்தம் ஆறாம் அடுக்கு. தூரம் இரண்டு மடங்கானால் வருகிற சிக்னல் 64-ல் ஒரு பங்கு.

இதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். விலை கூடிய மெஷின் இரண்டு மடங்கு பலமான புலத்தை அனுப்புகிறது என்றே வைத்துக்கொள்வோம். ஆழம் இரண்டு மடங்கு ஆகாது, சுமார் 12 சதவீதம் கூடும். 20 சென்டிமீட்டரில் காசைப் பிடித்த மெஷின் 22 சென்டிமீட்டரில் பிடிக்கும். அந்த இரண்டு சென்டிமீட்டருக்கா பணத்தைக் கொட்டுவது? காயிலைத் தரையோடு ஒட்டி வீசினாலே அது கிடைத்துவிடும். பாதிப் பேர் வீச்சின் இரு முனையிலும் காயிலை ஒரு சாண் தூக்கிவிடுகிறார்கள், தரை பெருக்குகிறவர் விளக்குமாற்றைச் சுழற்றித் தூக்குவாரே அந்த மாதிரி. தூக்கின அளவு ஆழம் போச்சு.

இப்போது இரும்பு. மனிதர் மண்ணில் விட்டுப்போன உலோகங்களில் இரும்பு அளவுக்கு வேறு எதுவும் இருக்காது. மனிதர் நெடுங்காலம் வாழ்ந்த எந்த இடத்திலும் ஆணிதான் அதிகம், அதுவும் துருப்பிடித்துத் துண்டு துண்டாக. டிஸ்கிரிமினேஷனை ஏற்றி "இரும்பு வேண்டாம்" என்று மெஷினிடம் சொல்லிவிடுகிறோம். மெஷினும் கீழ்ப்படிகிறது. ஆணியைக் கேட்கிறது, வாயை மூடிக்கொள்கிறது. மூடிய வாய் மறுபடி திறப்பதற்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும், நொடியில் ஒரு சின்னப் பங்குதான், ஆனால் காயில் அதற்குள் காசைத் தாண்டிப் போயிருக்கும். ஆணியும் காசும் ஒரே நேரத்தில் காயிலுக்கு அடியில் இருந்தால் இன்னும் மோசம், இரண்டும் கலந்த ஒரு குழப்பமான எண்ணைக் கணக்குப் போட்டுப் பெரும்பாலும் இரும்பு என்று தள்ளிவிடும்.

நம்பாதவர்கள் இதைச் செய்து பாருங்கள். திறந்தவெளியில் உலோகமே இல்லாத ஒரு சதுரத்தைக் கண்டுபிடித்து, தரைமேல் ஒரு காசை வையுங்கள். கணீரென்று கேட்கும். அதற்கு நான்கு விரல் தள்ளி ஒரு துருப்பிடித்த ஆணியை வைத்து, இரண்டையும் ஒரே கோட்டில் கடக்கிற மாதிரி வழக்கமான வேகத்தில் வீசுங்கள். காசின் ஒலி உடைந்து "ட்ட்" என்று வரும், அல்லது வராது. அதே இடத்தில் பாதி வேகத்தில் வீசுங்கள். அப்புறம் கால் வட்டம் சுற்றி நின்று குறுக்காக வீசுங்கள். காசு திரும்பி வந்துவிடும். மண் ஒரு துளிகூட மேலே இல்லாதபோதே இந்தக் கதி.

மார்ச் 5, பிறகு

இந்தச் சோதனையை வீட்டுத் தரையில் செய்ய வேண்டாம். கான்கிரீட்டுக்குள் கம்பி ஓடுகிறது. மெஷின் கெட்டுவிட்டது என்று பதறி ஒருவர் எழுதிவிட்டார்.

மார்ச் 7

கணக்குத் தெரிந்த ஒருவர் கீழே மடக்கியிருக்கிறார்: ஆறாம் அடுக்கு என்பது காயிலின் அளவோடு ஒப்பிட்டால் காசு நல்ல தூரத்தில் இருக்கும்போதுதான் பொருந்தும், காயிலுக்குக் கிட்டத்தில் புலம் அவ்வளவு வேகமாக மெலியாது என்று. உண்மை. பெரிய காயிலுக்கு அந்தக் "கிட்டம்" கொஞ்சம் கீழே வரை நீளும், பெரிய காயில் ஆழம் பார்ப்பது அதனால்தான். என் 12 சதவீதம் ஆழத்தின் எல்லையோரத்தில் இருக்கிற காசுக்கு. கேள்வி கேட்டவர் கவலைப்படுவதும் எல்லையோரத்துக் காசைப் பற்றித்தான் என்பதால் முடிவு மாறவில்லை.

ஆனால் பெரிய காயிலுக்கு இரண்டு வரிகள் உண்டு, கட்டாமல் தப்ப முடியாது. ஒன்று, புலம் பரந்து போவதால் சின்னப் பொருள் அதில் தொலைந்துவிடும். இரண்டாவது, காயிலுக்கு அடியில் ஒரே நேரத்தில் நான்கு ஆணி இருக்கும். ஆணி மண்டிய இடத்தில் எனக்குப் பிடித்தது உள்ளங்கையை விட கொஞ்சம் பெரிய காயில்தான். இரண்டு ஆணிகளுக்கு நடுவில் மூக்கை நுழைக்கலாம். டிடி காயில் (D வடிவச் சுருள் இரண்டு சேர்ந்தது) என்றால் இன்னும் நல்லது, அது முன்னிருந்து பின்னாக ஒரு மெல்லிய பட்டை மாதிரிப் பார்க்கும், பழைய வட்டக் காயில் கூம்பு மாதிரிப் பார்க்கும்.

மார்ச் 9

கொஞ்சம் பாதை விலகுகிறேன், ஆனால் சம்பந்தம் உண்டு.

1881 ஜூலை 2-ம் தேதி அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டை ஒருவன் சுட்டான். குண்டு உடம்புக்குள் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை, எக்ஸ்ரே வருவதற்கு இன்னும் 14 ஆண்டுகள் இருக்கின்றன. டெலிஃபோன் கண்டுபிடித்த அலெக்ஸாண்டர் கிரகாம் பெல், சுருள்களையும் டெலிஃபோன் காதுக்குழலையும் சேர்த்து ஒரு கருவி செய்து எடுத்துக்கொண்டு வந்தார். ஜூலை கடைசியில் ஒரு தரம், ஆகஸ்ட் 1-ம் தேதி ஒரு தரம் அதிபரின் உடம்பின் மேல் வைத்துப் பார்த்தார். குண்டு பட்ட வேறு ஆட்களிடம் வேலை செய்த கருவி இங்கே எங்கு வைத்தாலும் மெலிதாக இரைந்தது. பிறகு விசாரித்தால், அதிபர் படுத்திருந்த குதிரைமயிர் மெத்தைக்கு அடியில் எஃகுக் கம்பியால் ஆன இன்னொரு மெத்தை!

ஆக, இந்தக் கருவி புகழோடு பிறந்த அன்றே இரும்பு அதன் காதை அடைத்துவிட்டது. கூடவே இன்னொன்று: குண்டு வலது பக்கத்தில்தான் இருக்கிறது என்று தலைமை மருத்துவர் பிடிவாதமாக நம்பியதால் பெல் அந்தப் பக்கத்தைத்தான் தேடினார். செப்டம்பர் 19-ல் அதிபர் இறந்த பிறகு பார்த்தால் குண்டு இடது பக்கம் இருந்தது. "இங்கேதான் இருக்கும்" என்று ஒரே மூலையைச் சீவிக்கொண்டிருக்கிற நண்பர்களுக்கு இந்தக் கதையைத்தான் சொல்வேன். திட்டுவார்கள்.

மார்ச் 9, பின்குறிப்பு

கேட்டதற்காக: தூக்கிக்கொண்டு போகிற மாதிரி மெஷின் வந்தது 1930-களில். கெர்ஹார்ட் ஃபிஷர் என்பவர் விமானங்களுக்கான ரேடியோ திசைகாட்டியில் வேலை செய்தபோது, உலோகத் தாது இருக்கும் இடங்களில் அது பிசகுவதைக் கவனித்து, அந்தப் பிசகையே கருவியாக்கினார். 1937-ல் காப்புரிமை. அப்புறம் இரண்டாம் உலகப் போரில் யோசெஃப் கோசாட்ஸ்கி என்ற போலந்து அதிகாரி கண்ணிவெடி தேடும் கருவியைச் செய்தார், அது 1942-ல் எல் அலமைன் பாலைவனத்தில் உழைத்தது. நம் பொழுதுபோக்குக்கு வந்தது அந்த வம்சம்தான்.

மார்ச் 11

திரையில் வரும் எண்ணைப் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். "எண் இத்தனைக்குக் கீழே வந்தால் தோண்டுவதில்லை" என்று ஒருவர் பெருமையாக வேறு எழுதியிருக்கிறார்.

அந்த எண் உலோகத்தின் பெயர் அல்ல. அனுப்பிய அலைக்கும் திரும்பி வந்த அலைக்கும் நடுவில் எவ்வளவு பின்தங்கல் இருக்கிறது என்பதை மெஷின் ஓர் எண்ணாக மாற்றிக் காட்டுகிறது. அது உலோகத்தின் மின்கடத்தும் திறனோடு சேர்ந்து பொருளின் அளவு, தடிமன், வடிவம் எல்லாவற்றையும் பொறுத்தது. பெரிய வெள்ளிக்காசு மேலே போய் நிற்கும். ஃபாயில் (அலுமினியத் தாள்) கீழே கிடக்கும். சரி, தங்கம்? சுத்தத் தங்கம் நன்றாகவே மின்சாரம் கடத்தும், ஆனால் நகையில் செம்பும் வெள்ளியும் கலந்ததும் அந்தத் திறன் தடாலென்று இறங்கிவிடுகிறது. அதுபோக மோதிரம் மெல்லியது. இதனால் தங்க மோதிரம் ஃபாயிலும் கேன் வளையமும் விழுகிற அதே இடத்தில்தான் விழும். அதற்கென்று தனி எண் கிடையாது, இருக்கிறது என்று எவராவது அட்டவணை விற்றால் வாங்காதீர்கள்.

உடைந்த மோதிரம் இன்னும் கீழே போகும், வட்டம் அறுந்ததால் மின்னோட்டம் சுற்றி வர வழியில்லை. சங்கிலி எல்லாவற்றையும் விடக் கொடுமை. எத்தனை நீளச் சங்கிலியானாலும் மெஷினுக்குத் தனித்தனியான குட்டி வளையங்கள்தான் தெரியும், அதனால் கிட்டத்தட்ட ஊமை. பெரும்பாலும் கொக்கியோ பதக்கமோதான் சத்தம் போடும். செங்குத்தாக நிற்கிற காசும் அப்படித்தான், எண் தாறுமாறாக வரும்.

கேட்க வேண்டியது ஒலியை. இரு பக்கத்திலிருந்து வீசினாலும் ஒரே மாதிரி, உருண்டையாக, ஓரம் உடையாமல் வந்தால் தோண்டுங்கள். ஒரு பக்கம் மட்டும் நன்றாக வந்து மறு பக்கம் கரகரத்தால், அது துருப்பிடித்த தகடாக இருக்கலாம், ஆணிக்குப் பக்கத்தில் படுத்திருக்கும் காசாகவும் இருக்கலாம். நான் அதையும் தோண்டுவேன். எனக்குக் கிடைத்ததில் நல்லவையெல்லாம் அந்த ஒருபக்க ஒலிகளில் வந்தவை. எச்சரிக்கை: நடுவில் ஓட்டையுள்ள இரும்பு வாஷர் வெள்ளிக்காசு மாதிரியே பாடும். ஒவ்வொரு முறையும் ஏமாறலாம், வெட்கமில்லை.

மார்ச் 12

ஹெட்போன் போடுங்கள். மெஷினின் ஸ்பீக்கரை நம்பி வெளிக்காற்றில் நின்றால் மெல்லிய ஒலிகள் எல்லாம் போச்சு.

மார்ச் 14

குப்பையைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பாவம்.

தோண்டி எடுத்த குப்பையைத் தூர எறிந்துவிடாதீர்கள், பைக்குள் போடுங்கள், சாயங்காலம் கொட்டிப் பாருங்கள். குப்பைக்குத் தேதி உண்டு. சோடா மூடி 1892-க்குப் பிந்தியது, அந்த ஆண்டுதான் வில்லியம் பெயின்டர் அதற்குக் காப்புரிமை வாங்கினார். கேனிலிருந்து பிய்த்து எறிகிற வளையம் 1960-களில் தொடங்கி, பிய்யாமல் கேனோடு ஒட்டிக்கொள்ளும் வகை 1970-களின் நடுவில் வந்ததும் மெதுவாக மறைந்தது. அலுமினியம் என்றாலே 1880-களின் கடைசிக்கு அப்புறம், 1886-ல் மின்சாரத்தால் பிரித்தெடுக்கும் வழி வருவதற்கு முன் அது விலையுயர்ந்த உலோகம், யாரும் மண்ணில் விட்டுப் போகமாட்டார்கள்.

எனவே ஓர் இடத்தில் ஒரு சாண் ஆழம் வரைக்கும் கேன் வளையமே வருகிறது என்றால் அந்த மண் கிளறப்பட்டது அல்லது கொண்டுவந்து கொட்டப்பட்டது, அங்கே ஆழமாகத் தோண்டுவது வீண். மேலே நான்கு விரலில் சோடா மூடி, அதற்குக் கீழே அலுமினியமே இல்லை, கையால் அடித்த சதுர ஆணிகளும் ஈயத் துண்டுகளும் வருகின்றன என்றால் அங்கே பாயைப் போட்டு உட்கார்ந்துவிடுங்கள். கேள்வி கேட்டவரிடம் நான் திரும்பக் கேட்க விரும்புவது இதைத்தான்: உங்களுக்குக் கிடைத்த ஆணிகள் உருண்டைத் தண்டா, சதுரத் தண்டா? உருண்டைத் தண்டு என்றால் அது கம்பியில் வெட்டிய மெஷின் ஆணி, 19-ம் நூற்றாண்டில்தான் பரவியது. அப்படியானால் பிரச்சினை மெஷினிலும் இல்லை, இரும்பிலும் இல்லை. நீங்கள் நிற்கிற இடம் புதுசு.

காசுக்கும் ஒரு வார்த்தை. காசில் இருக்கும் ஆண்டு அச்சடித்த ஆண்டு. தொலைந்த ஆண்டு எப்போது வேண்டுமானாலும் இருக்கலாம். தலை தேய்ந்து வழுவழுப்பாக வரும் காசு பல கைகள் மாறிய பிறகுதான் விழுந்திருக்கிறது.

மார்ச் 17

"ஆழம் முக்கியமே இல்லையென்றால் காசு எப்படி மண்ணுக்குள் போகிறது, கனத்தால் இறங்குவதில்லையா?"

ஆழம் முக்கியமே இல்லை என்று சொல்லவில்லை, அது இரண்டாவது கேள்வி என்கிறேன். கனத்தால் இறங்குவது ஈர மணலிலும் சேற்றிலும் நடக்கும். சாதாரண மண்ணில் காசு இறங்குவதை விட மண் மேலே ஏறுகிறது என்பதுதான் சரி. ஏற்றுவது மண்புழு. இதை அளந்து பார்த்தவர் டார்வின். தன் வீட்டுப் பக்கத்து வயலில் 1842-ல் சுண்ணத்தூள் பரப்பப்பட்ட இடத்தை 1871-ல் வெட்டிப் பார்த்தார், வெள்ளைக் கோடு 7 அங்குலத்துக்குக் கீழே ஓடியது. 29 ஆண்டுகளில் கிட்டத்தட்ட 18 சென்டிமீட்டர். புழு அடியிலிருந்து மண்ணைத் தின்று மேலே கழித்துக்கொண்டே இருக்கிறது. அந்த ஆராய்ச்சி அச்சேறியது 1881-ல், பெல் மெத்தையோடு மல்லுக்கட்டிய அதே ஆண்டு. இரண்டு பேரும் நம் ஆட்கள்!

அப்படியானால் நூறு ஆண்டில் இரண்டு அடி போயிருக்க வேண்டுமே என்று கேட்காதீர்கள். புழு நடமாடுகிற ஆழம் வரைக்கும்தான் இந்தக் கணக்கு, அதற்குக் கீழே வேகம் குறைந்துவிடும். கல் நிறைந்த மண்ணில், காய்ந்த மண்ணில், புழுவே இல்லாத மணலில் காசு மேலேயே கிடக்கும். உழுகிற நிலத்தில் எல்லாம் தலைகீழ், கொழு புரட்டப் புரட்ட அது இன்றைக்கு ஓர் ஆழத்தில், அடுத்த உழவில் வேறு ஆழத்தில். ஒரே வயல் ஆண்டுக்கு ஆண்டு புதிதாகத் தருவதன் ரகசியம் இதுதான், மெஷின் அல்ல. உழுத நிலத்தில், மழை பெய்து மண் அமர்ந்த பிறகு தேடுங்கள். பொலபொலவென்று காற்று நிறைந்த மண்ணில் காயில் தரையை ஒட்டாது.

உழாத பழைய புல்வெளிக்கு மட்டும் ஆழம் தேவைப்படும், ஒப்புக்கொள்கிறேன். அங்கேயும் முதலில் ஆணிகளைப் பொறுக்கி எடுத்துவிட்டு அதே இடத்தை மறுபடி வீசுங்கள்.

மார்ச் 18

கடற்கரைக்காரர்கள் கோபித்துக்கொண்டார்கள். மேலே சொன்னதெல்லாம் சாதாரண வி.எல்.எஃப். மெஷினுக்கு, அதாவது தாழ்ந்த அலைவரிசைப் புலத்தை இடைவிடாமல் அனுப்புகிற வகைக்கு. உப்புநீரே மின்சாரம் கடத்தும் என்பதால் ஈர மணலில் ஒற்றை அலைவரிசை மெஷின் கத்திக்கொண்டே இருக்கும். அங்கே பல அலைவரிசை மெஷின் அல்லது பல்ஸ் இண்டக்ஷன். பல்ஸ் மெஷின் ஒரு துடிப்பை அனுப்பிவிட்டு நிறுத்திக் காத்திருக்கும், உப்பின் மின்னோட்டம் சட்டென்று அடங்கிவிடும், உலோகத்தின் மின்னோட்டம் கொஞ்சம் இழுத்துக்கொண்டு அடங்கும், அந்த இழுவையைக் கேட்கும். இரும்பைப் பிரிக்க அதற்குச் சரியாக வராது, எல்லாவற்றையும் தோண்ட வேண்டும். மணல் என்பதால் முதுகு தாங்கும்.

மார்ச் 20

ஒருவர் போட்டிருக்கும் செப்புக்காசுப் படத்தைப் பார்த்து வயிறு எரிகிறது. பளபளவென்று தேய்த்திருக்கிறார்.

மண்ணிலிருந்து காசு வந்ததும் கட்டைவிரலால் தேய்த்து முகத்தைப் பார்க்கத் தோன்றும், எல்லோருக்கும் தோன்றும், விரல் தானாகப் போகும். அந்த மண்ணைக் கொஞ்சம் வெயிலில் பிடித்துப் பாருங்கள், மினுமினுவென்று குருணை தெரியும். அது குவார்ட்ஸ். கடினத்தன்மை அளவுகோலில் 7. செம்பு 3, வெள்ளி அதற்கும் கொஞ்சம் கீழே. கட்டைவிரலால் ஒரு சுற்றுச் சுற்றினாலே ராஜாவின் கன்னத்தில் நூறு கீறல். நூறாண்டு மண்ணில் கிடந்தபோது விழாத கீறல். அப்படியே மண்ணோடு டப்பாவில் போட்டுக்கொண்டு வாருங்கள். வீட்டில் காய்ச்சி வடித்த தண்ணீரில் ஊறவையுங்கள், தண்ணீரை மாற்றுங்கள், மறுபடி ஊறவையுங்கள். மண் தானாக இளகியதும் பல்குத்தும் மரக்குச்சியால் தள்ளுங்கள். ஆலிவ் எண்ணெயில் ஊறப்போடும் பழக்கம் ஒன்று பரவியிருக்கிறது, அதிலுள்ள அமிலம் மெதுவாகப் பச்சைப் படலத்தையே தின்னும். நான் கிட்டே போவதில்லை.

கரும்பச்சையாக, கண்ணாடி மாதிரி இறுகிய படலம் காசைக் காப்பாற்றுகிறது, அதைத் தொடாதீர்கள். வெளிர்பச்சையாக, தூள் தூளாக, தொட்டால் உதிர்கிற புள்ளிகள் தெரிந்தால் அது வேறு. உள்ளே குளோரைடு இருக்கிறது, ஈரம் பட்டால் தொடர்ந்து அரிக்கும். அந்தக் காசை மற்றவற்றோடு வைக்காமல் தனியாக, ஈரமே இல்லாத டப்பாவில் வையுங்கள்.

தங்கத்துக்கு வெறும் தண்ணீர் போதும். இந்த வரியை எழுத எனக்கு அதிகச் சந்தர்ப்பம் வாய்ப்பதில்லை.

மார்ச் 23

காசு தவிர என்ன கிடைக்கும் என்று கேட்டால், நிறைய. எனக்குக் காசை விட அவைதான் பிடிக்கும். காசில் எல்லாம் எழுதியிருக்கிறது, பார்த்துவிட்டால் முடிந்தது. ஒரு பித்தளைத் துண்டோடு வாரக்கணக்கில் மல்லுக்கட்டலாம். தையல் விரலுறை நிறைய வரும், தலையிலுள்ள குழிகளைப் பாருங்கள்: வரிசை கோணலாக, ஒவ்வொன்றும் வெவ்வேறு அளவில் இருந்தால் கையால் அடித்தது, நூல் பிடித்த மாதிரி இருந்தால் மெஷினில் செய்தது. பொத்தான்களைப் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள், காது எப்படி ஒட்டியிருக்கிறது என்பதில்தான் வயது இருக்கிறது. ஈயத்தை அடையாளம் காண்பது சுலபம், அளவுக்கு மீறின கனம், மேலே வெள்ளைப் பூச்சு, நகம் பட்டால் தடம் விழும். அந்த வெள்ளைப் பூச்சு நஞ்சு, கையைக் கழுவுங்கள்.

நடுவில் ஓட்டை போட்ட ஈய வில்லை ஒன்று என்னிடம் இருக்கிறது. நூல் நூற்கும் தக்களியின் அடி வட்டு என்கிறார் ஒருவர், வலைக்குக் கட்டும் பாரம் என்கிறார் இன்னொருவர். ஓட்டையின் உள்விளிம்பு ஒரே பக்கமாகத் தேய்ந்து பள்ளம் விழுந்திருக்கிறது. தக்களி சுற்றினால் தேய்மானம் சுற்றிலும் இருக்குமே, அதனால் நான் வலைக் கட்சி. ஆனால் கிடைத்த இடத்துக்குப் பக்கத்தில் தண்ணீரே கிடையாது.

மார்ச் 26

சட்டம் பற்றிச் சண்டை வேண்டாம். நாட்டுக்கு நாடு வேறு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1996-ம் ஆண்டுச் சட்டப்படி புதையல் என்ற வகையில் சேர்வதை 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். இந்தியாவில் 1878-ம் ஆண்டுச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது, மண்ணுக்குள் மறைந்து கிடந்து கிடைத்தது 10 ரூபாய்க்கு மேல் பெறுமானால் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பாதுகாக்கப்பட்ட சின்னங்களின் பக்கம் மெஷினோடு போகவே கூடாது. நிலத்துக்காரரின் அனுமதி எங்கேயும் வேண்டும், அதை எழுத்தில் வாங்குங்கள்.

அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. குவியலாக ஏதாவது தட்டுப்பட்டால் தோண்டுவதை அங்கேயே நிறுத்திவிடுங்கள். 1992-ல் இங்கிலாந்தில் ஹாக்ஸ்ன் என்ற ஊரில் எரிக் லாஸ் என்பவர் தன் விவசாயி நண்பர் வயலில் தொலைத்த சுத்தியலைத் தேடிப் போனார். சிக்கியது ரோமானியர் காலத்துத் தங்கம், வெள்ளி, சுமார் 15 ஆயிரம் காசுகள். கொஞ்சம் எடுத்துவிட்டு நிறுத்தி, தகவல் சொன்னார். தொல்லியல்காரர்கள் வந்து முறையாக எடுத்ததால், எல்லாம் ஒரு மரப்பெட்டிக்குள் எந்த வரிசையில் அடுக்கப்பட்டிருந்தது என்பதுவரை தெரிந்தது. சுத்தியலும் கிடைத்தது, அதுவும் இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில்.

2010-ல் ஃப்ரோம் பக்கத்தில் கிடைத்த பானை இன்னும் பிரமாதம். 52,503 காசு, 160 கிலோ. டேவ் கிரிஸ்ப் பானையின் வாயைக் கண்டதும் குழியை மூடிவிட்டு ஆளைக் கூப்பிட்டார். அடுக்கடுக்காக எடுத்தார்கள். பிந்திய காலத்துக் காசுகள் பெரும்பாலும் மேலே இல்லை, கீழே இருந்தன! வருடா வருடம் சேர்த்த உண்டியல் என்றால் பிந்தியது மேலே இருக்க வேண்டும். ஆகவே அத்தனையும் ஒரே தடவையில் கொட்டப்பட்டது. அவர் ஆவலில் அள்ளிப் பைக்குள் போட்டிருந்தால் 52,503 காசும் இருந்திருக்கும், இந்த ஒரு விஷயம் இருந்திருக்காது. மறுபக்கம், 1999-ல் ஜெர்மனியில் திருட்டுத்தனமாகத் தோண்டியவர்கள் நெப்ரா வானத் தகட்டின் (சூரியன், நிலா, நட்சத்திரம் பதித்த வெண்கலக் காலத்து வட்டத் தகடு) ஓரத்தைக் கொத்திச் சிதைத்துக் கள்ளச்சந்தையில் விற்றார்கள், 2002-ல் பாசலில் போலீஸ் மீட்டது.

மார்ச் 26, பிறகு

பழைய போர்க்களம், சுடும் பயிற்சி நடந்த இடம் என்றால் பெரிய இரும்பு ஒலியைத் தோண்டாதீர்கள். குண்டு மாதிரி எதுவும் தெரிந்தால் கையை எடுங்கள், இடத்தைக் குறித்துவிட்டு விலகிப் போய்ப் போலீஸைக் கூப்பிடுங்கள். துருவைத் தட்டிப் பார்க்கும் ஆசை வேண்டவே வேண்டாம்.

மார்ச் 29

குழி தோண்டும் முறை பற்றிக் கேட்டவருக்கு: புல்வெளியில் மூன்று பக்கம் வெட்டி நான்காவது பக்கத்தைக் கீல் மாதிரி விட்டு மடக்குங்கள், வேர் சாகாது. எடுத்த மண்ணை ஒரு துணிமேல் போடுங்கள், பின்பாயின்டரால் (கையில் பிடிக்கிற குட்டி டிடெக்டர்) முதலில் மண்ணைப் பாருங்கள், பிறகு குழியை. காசை எடுத்த பிறகும் குழியை மறுபடி காயிலால் பாருங்கள், காசுக்குத் துணை இருப்பது உண்டு. உங்கள் விரலில் இருக்கும் மோதிரத்தைக் கழற்றி வையுங்கள். பின்பாயின்டர் குழிக்குள் கத்துகிறதே என்று கால்மணி நேரம் தோண்டியவர்களை எனக்குத் தெரியும்.

ஏப்ரல் 2

தொலைந்த மோதிரத்தைத் தேடித்தரச் சொல்லிக் கூப்பிடுகிறார்களாம், எப்படிப் போவது என்று ஒருவர். போங்கள், நல்ல பயிற்சி. மெஷினை எடுப்பதற்கு முன் உட்காரவைத்துப் பேசுங்கள். கடைசியாக விரலில் பார்த்தது எப்போது? கை ஈரமா, சோப்புப் பட்டிருந்ததா? எதையாவது வீசினீர்களா, துண்டை உதறினீர்களா, கையுறையைக் கழற்றினீர்களா? வலக்கையா இடக்கையா? துண்டை உதறினால் மோதிரம் எதிர்பார்க்கிறதை விட ரொம்பத் தூரம் போகும். அவர்கள் விரல் நீட்டிக் காட்டுகிற இடத்தை முதலில் பாருங்கள், மரியாதைக்கு. கிடைக்காவிட்டால் அதை நடுவில் வைத்து வட்டத்தை விரித்துக்கொண்டே போங்கள், ஒவ்வொரு வீச்சும் முந்தைய வீச்சின் பாதியை மூட வேண்டும். புதிதாகத் தொலைந்தது மேலாக இருக்கும், சென்சிட்டிவிட்டியைக் குறைத்துவிட்டால் ஆழத்துக் குப்பை தொந்தரவு செய்யாது. கீழ் எண்கள் எதையும் தள்ளாதீர்கள், மோதிரம் ஃபாயிலின் தம்பி என்று மேலே சொல்லியிருக்கிறேன்.

இவ்வளவும் செய்வதற்கு முன் அவர்களைக் காரின் இருக்கை இடுக்கில் கையை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.